கேள்விக்குள் இருந்த போன்

யாராவது பொய் சொல்லியிருந்தால் லேபிள் அக்கா ஒரு கை பார்த்திருப்பாள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது அவள் வேலை. அங்கே உள்ளே போகும் சரக்கைச் சரிபார்க்கும் செக்கர் அவள் புருஷன். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவன் அவள் தம்பி. 'குடும்பக் கிடங்கு' என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். போன வாரம் அந்தக் கேலி நின்றுபோனது. வாசல் சரிவில் தம்பியின் வண்டி பின்னால் வந்து செக்கரின் பாதத்தில் ஏறிவிட்டது. எலும்பு முறிந்தது. அழுதுகொண்டே மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் தம்பிதான்.

சரிவில் ஐஸ் படிந்திருந்தது, நிறுத்திய வண்டி வழுக்கிவிட்டது என்று தம்பி சொன்னான். மேலாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு டிரைவர் போன் பேசிக்கொண்டே இடித்திருக்கிறான். ஆகவே இவனும் பேசிக்கொண்டுதான் இடித்திருப்பான்! மனுஷர் கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்தான். தலைக்குள் ஒரு முடிவை வைத்துக்கொண்டு விசாரிக்கக் கிளம்பிவிட்டார், அவ்வளவே. விசாரணை அவர் நினைத்தபடி முடிந்தால் தம்பியின் வேலை போகும். ஓட்டுநர் உரிமமும் போகும். பிறகு எந்தக் கிடங்கும் அவனை உள்ளே விடாது.

லேபிள் அக்கா முதலில், மேலாளரிடம் சாட்சி சொன்ன தரை கழுவும் அம்மாவைப் பிடித்தாள்.

"என் தம்பி போன் பேசினதை நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாத்ததைத்தான்மா சொன்னேன். வலது காதுல வெச்சிருந்தான். கறுப்பு போன்."

"நீங்களா சொன்னீங்களா, மேலாளர் கேட்டாரா?"

"வண்டி வரும்போது போன் எந்தக் காதுல இருந்துச்சுன்னு கேட்டாரு. கண்ணை மூடி யோசிச்சேன். வலதுன்னு சொன்னேன்."

வாயிற்காவலரிடமும் அதே கேள்விதான் போயிருந்தது. அவருக்கு இடது காது ஞாபகம் வந்தது, போன் வெள்ளை. தம்பியுடையதோ சிவப்பு உறை போட்ட போன். அக்கா மேலாளர் அறைக்கே போய் இதைச் சொன்னாள்.

"நிறம் மாறலாம்மா. காது மாறலாம். போன் இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல?" என்றார் அவர்.

எல்லாரும் சொல்கிறார்களாம்! இருந்ததா என்று ஒருவரிடமாவது கேட்டாரா? எந்தக் காது என்று கேட்டால் மனுஷ மூளை ஒரு காதைத் தேடும். காது கிடைத்ததும் அதில் பொருத்த ஒரு போனையும் அதுவே செய்துகொள்ளும். பிறகு அதற்குக் கறுப்போ வெள்ளையோ பூசி, கண்ணால் கண்டது என்று அடித்துச் சொல்லும். நமக்குள் இருந்துகொண்டே நம்மை ஏய்க்கிற இந்த வேலைக்கு ஞாபகசக்தி என்று பெயர் வேறு. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு இடி. கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்த புருஷன், "நானும் அதைத்தான் சொன்னேன்" என்றார்.

"என்னத்தை?"

"போன் பேசிட்டிருந்தான்னு. மேலாளர் ஆஸ்பத்திரியில வந்து கேட்டாரு. மாப்ளையைக் காட்டிக்குடுக்க எனக்கு மட்டும் ஆசையா? பாத்தேனே, என்ன பண்றது?"

அவள் கையிலிருந்த டம்ளரை நங்கென்று வைத்தாள். மாமா என்றால் உயிரை விடுகிறவன் தம்பி. அவனுடைய பிழைப்பில் இவரும் மண்ணள்ளிப் போட்டிருக்கிறார், அதுவும் முழு நேர்மையோடு. கத்தித் தீர்க்கலாம் என்று வாயைத் திறந்தவள், கத்தினால் இவர் தலைக்குள் தானும் எதையாவது திணித்துவிடுவோம் என்று பயந்து மூடிக்கொண்டாள்.

"சரி. நடந்ததை அப்படியே செஞ்சு காட்டுங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுவரோரமாகக் கையை நீட்டி, "இங்க நான் நிக்கறேன். வண்டி சரிவுல ஏறுது. பெட்டி சாயுற மாதிரி இருந்துச்சு, மாப்ளேன்னு கத்தறேன். கம்ப்ரசர் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. வண்டியை நிறுத்தறான். திரும்பறான். காதை மூடின தொப்பியைத் தூக்கிட்டு, என்ன மாமான்னு..." என்று தன் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்.

அப்படியே உறைந்துபோனார். கண்ணைத் திறந்து, குவித்த கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். விரல்கள் விரிந்திருந்தன, உள்ளங்கை காலி.

"இதுல போன் எங்கடி நிக்கும்?"

அவள் சொன்னபடி வாயே திறக்கவில்லை.

"நான் சொல்றதைக் கேக்கத்தான் கையை வெச்சான். அப்பத்தான் வண்டி வழுக்குச்சு. அடப்பாவி, நான் என்ன வேலை பண்ணிட்டு வந்திருக்கேன்!" அவர் மறுபடி கண்ணை மூடினார். "ஆனா இப்பவும் கறுப்பா ஒண்ணு தெரியுதுடி. இல்லைன்னு தெரிஞ்சும் தெரியுது. யாரைக் கேட்டு என் மண்டைக்குள்ள இதைக் கொண்டாந்து வெச்சாங்க?"

மறுநாள் காலை புருஷன் ஊன்றுகோலோடு வர, இருவரும் மேலாளர் அறைக்குப் போனார்கள். தம்பி ஏற்கெனவே மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். செக்கர் எல்லாவற்றையும் சொன்னார், கையைக் குவித்தும் காட்டினார். மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நடுவுல வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கீங்க. மச்சினன் மேல பாசம் இருக்கும், எனக்குப் புரியுது."

"அந்த நேரத்துல இவன் போன்ல ஒரு அழைப்புகூட இல்ல சார். பாருங்க" என்று அக்கா தம்பியின் போனை நீட்டினாள்.

"வந்து கிடந்த குரல்பதிவு எதையாவது கேட்டிருப்பான். அதுக்கு அழைப்பு எதுக்கும்மா?"

எதைக் காட்டினாலும் இந்த மனுஷருக்கு அது போனாகவே மாறுகிறது. "சரிவுல ஐஸ் இருந்துச்சான்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா சார்? ஒருத்தர்கிட்டயாவது?" என்று அவள் குரலை உயர்த்தினாள். சுவருக்கு அப்பால் வேலை நின்றது.

மேலாளர் தம்பியின் பக்கம் திரும்பினார். குரலில் கொஞ்சமும் கடுமையில்லை. "நீயே சொல்லுப்பா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

யோசிப்பதைத் தவிர ஒரு வாரமாக அவன் வேறு எதையும் செய்யவில்லை. சாப்பிடும்போதும் அதுதான், படுக்கும்போதும் அதுதான். எல்லோரும் பார்த்தது தனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று தேடித் தேடித் தேய்ந்திருந்தான்.

"கோச்சுக்காதக்கா" என்றான். "எனக்கும் ஞாபகம் வந்துடுச்சு. வலது காதுல வெச்சிருந்தேன்."

"என்னடா கேட்ட அதுல? யாரு குரல்டா?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். "அது மட்டும் இன்னும் வரலக்கா."

மேலாளர் வாக்குமூலத் தாளையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார். செக்கர் எழ முயன்று, ஊன்றுகோல் நழுவி நாற்காலியில் விழுந்தார். "போடாதடா! நீ செய்யலடா!" என்று அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

தம்பி அவள் கையை மெதுவாக விலக்கினான். மாமாவின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"உண்மையைத்தானேக்கா எழுதிக் குடுக்கறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.