மூன்றாம் முறையும் கறுத்த பிளக்

மகுடேஸ்வரன் வண்டி மூன்றாவது தடவையாக வந்து நின்றபோதே எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் வண்டி மேல் இல்லை. என் கூட்டாளி காசிமாயன் மேல்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் நானும் காசியும் சேர்ந்து மெக்கானிக் பட்டறை நடத்துகிறோம். அவன் தேனிப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, பிறகு என்னோடு ஸ்பேனர் பிடித்தவன். மகுடேஸ்வரன் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் முதலாளி. தன்னுடைய பழைய கார்புரேட்டர் பைக்குக்கு ஆசை ஆசையாகச் சத்தமான சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் வாங்கிவந்தார். இரண்டையும் மாற்றினால் இன்ஜினுக்குள் காற்று அதிகம் போகும். அதற்கேற்றபடி பெட்ரோலைக் கூட்டாவிட்டால் இன்ஜின் சூடேறியே செத்துவிடும். காசி கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் ஜெட்டைப் பெரிதாகப் போட்டு, ஸ்க்ரூவைத் திருகி, ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினான். நல்ல மண் நிறம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

யூனிட்டுக்குப் போன வண்டி இருமிக்கொண்டே திரும்பி வந்தது. பிளக் கரிக்கட்டை மாதிரி. பெட்ரோல் நாற்றம் வேறு. துடைத்து மாட்டினால் பட்டறை வாசலில் சொன்னபடி கேட்கிறது. அங்கே போனால் மறுபடி அதே இருமல்.

இங்கே ஒழுங்காக ஓடுவது அங்கே போய் ஏன் கெட வேண்டும்? அதுவும் மகுடேஸ்வரன் வந்து இறங்கியதும், "காசி இருக்காருங்களாண்ணா?" என்றுதான் கேட்கிறார். அப்போது நான் என்ன, பிடித்து வைத்த பிள்ளையாரா? காசியோ கொஞ்ச நாளாகப் போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான். பெருமாநல்லூர் ரோட்டில் காலிக் கடை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தானாம். டீக்கடைக் குணா சொன்னான். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இங்கே சரிசெய்கிற மாதிரி செய்துவிட்டு, யூனிட்டுக்குப் போய் வேண்டுமென்றே கெடுக்கிறான். என் பெயரைக் கெடுத்து, முதலாளியைக் கைக்குள் போட்டுக்கொண்டு, தனிக்கடை போடப் பார்க்கிறான். வேலியே பயிரை மேய்கிறது!

இரண்டாவது தடவை வண்டியை அனுப்பும்போதே, அவனுக்குத் தெரியாமல் ஸ்க்ரூவின் மேல் என் மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தேன். யாராவது திருகினால் கோடு உடையும். இப்போது பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. புத்தியுள்ளவன் அதோடு விட்டிருப்பான். நானோ, ஸ்க்ரூவைத் தொடாமல் உள்ளே ஜெட்டையே மாற்றிவிட்டான், பலே கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

பிளக்கைத் துடைத்துக் கொடுத்து, மகுடேஸ்வரன் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் கேட்டே விட்டேன்.

"ஏப்பா காசி, எத்தன நாளைக்கு இந்த நாடகம்? தனியாப் போறதுன்னா சொல்லீட்டுப் போ. எதுக்கு வண்டியக் கெடுக்கறே?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"பெருமாநல்லூர் ரோட்டுக் கடை ஆருக்கு?"

"என் பொண்டாட்டி நதியாவுக்குண்ணே. தையல் கடை போடணும்ங்கிறா." அவன் குரல் இறங்கியது. "நான் வண்டியக் கெடுத்தேன்னு நெனைக்கிறீங்களா?"

"நெனைக்கறதென்ன, தெரியும்," என்றேன்.

அவன் பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். மடியில் கனம் இருப்பவனுக்குத்தான் வழியில் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று மறுநாள் காலையில் யூனிட்டுக்குப் போனேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, காற்றெல்லாம் பஞ்சு. வண்டி ஷெட்டுக்குள்ளேயே நின்றது. மகுடேஸ்வரனின் மனைவி தேஜஸ்ரீ அதன் ஏர் ஃபில்டர் மேல் குழாய் மாதிரித் துணி ஒன்றை மாட்டி, நாடாவால் இறுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் மெஷினில் ஓடுகிற துணிதான். கனத்த இன்டர்லாக் பின்னல், அதுவும் இரண்டு மடிப்பு.

"ஏனுங்க, இதென்னுங்க?"

"ஃபில்டர் தொறந்து கெடக்குதுங்களே, பஞ்சு உள்ள போயிருமில்லீங்களா? எப்பவும் இதக் கட்டித்தானுங்க ஓட்டறாரு."

"பட்டறைக்கு வாரப்ப காணமுங்களே?"

"கழட்டீருவாருங்க. அழுக்குத் துணியோட மெக்கானிக்கிட்டப் போனா நல்லாவா இருக்கும்?"

அட ஆண்டவனே! காற்று போகிற வாயைக் கட்டிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும். பிளக் கறுக்காமல் என்ன செய்யும்? துணியை அவிழ்த்துவிட்டு, பிளக்கைத் துடைத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஊத்துக்குளி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

பட்டறைக்கு ஓடிவந்தேன். காசி தன் சாமான்களைப் பிரித்தெடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"துணிதான் காசி! உம்மேல ஒரு தப்புமில்ல. நாஞ்சொன்னத மறந்துரு."

"துணியப் பாத்ததுக்கப்புறம் சொல்றீங்கண்ணே," என்றான்.

"போகாதப்பா. நீயில்லாம எனக்கு இந்தப் பட்டறையே வேண்டாம்," என்று அவன் கையைப் பிடித்தேன்.

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, சாக்கைத் தரையில் கவிழ்த்தான். ஸ்பேனர்களும் ஸ்க்ரூ டிரைவர்களும் சிமெண்டில் சிதறின.

"உங்களது ஏதாச்சும் கலந்திருக்கான்னு பாத்துக்கங்கண்ணே. பெறகு ஒரு பேச்சு வரக்கூடாது."

"நான் பாக்க மாட்டேன் காசி," என்றேன்.

அவன் அப்படியே நின்றான். நான் பார்க்காமல் அவன் எதையும் எடுத்துக் கட்டப் போவதில்லை என்று தெரிந்தது. கடைசியில் நான் குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.