சாவிச் சக்கரவர்த்தியின் அலமாரி

உலகில் பூட்டுக்கு மரியாதை உள்ளவரை எவரும் மறக்கக் கூடாத பேரவமானம் ஒன்று அந்தச் செவ்வாய்க்கிழமை நிகழ்ந்தது: கடைப் பலகையில் ‘சாவிச் சக்கரவர்த்தி’ என்று தனக்குத்தானே பட்டம் எழுதிக்கொண்டவரின் வீட்டில், சமையலறை அலமாரி சாவி படாமலே திறந்துகொண்டது. உள்ளேயிருந்த ரொட்டியையும் சர்க்கரையையும் காணோம். சக்கரவர்த்தி முதலில் மாமியாரைச் சந்தேகித்தார். அந்த அம்மாள் வந்துபோய் ஒரு வருடமாகியிருந்தது, இருந்தாலும் சந்தேகித்தார். அடுத்து மச்சான், அதற்கடுத்து தன்னிடமே தொழில் கற்றுக்கொண்டு எதிர்த்தெருவில் கடை போட்டவன். சந்தேகத்துக்கொரு பூட்டாக மாட்டியதில் அலமாரிக் கதவு கனம் தாங்காமல் சாய்ந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து கதவிடுக்கில் நின்றார். மனைவி சமையலறைக்குள் நுழைந்ததும், எஜமானியைக் கண்ட நாய் வாலாட்டுவதுபோலப் பூட்டுகள் ஆடின. பிறகு ஒவ்வொன்றாக வாயைப் பிளந்தன. அவள் நின்றபடியே, ருசி பாராமல், ஆறிய சோற்றை அள்ளி அள்ளித் தின்றாள். வயிறு வலித்து அழுகை வந்த பிறகும் கை நிற்கவில்லை.

“பசிச்சா சொல்ல வேண்டியதுதானே?” என்றார்.

“பசிக்கலங்க. நிறுத்தத்தான் முடியல. நீங்க பூட்டப் பூட்ட இன்னும் அதிகமாகுது.”

இதைத் தம் தொழில்மீதான அவதூறாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் இது வெளியே தெரிந்துவிடுமோ என்று தினமும் செத்துப் பிழைப்பதாக அவள் சொன்னபோது, சாவிக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

மருத்துவர் அம்மா அவளிடம்தான் கேட்டார். காலையும் மத்தியானமும் வயிற்றைக் காயப்போடுகிறாளாம். ஒரு விருந்தில் யாரோ, ‘எங்க வீட்ல ரெண்டு பீரோ, ஒண்ணு நடக்கும்’ என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்ததிலிருந்து அப்படியாம். யாரோ என்றுதான் அவள் சொன்னாள். சக்கரவர்த்தி தரையைப் பார்த்தார்.

“இது வாயைக் கட்டத் தெரியாததால வர்றதில்ல, நோய். சரியாகும். வேளாவேளைக்குச் சாப்பிடட்டும், வாராவாரம் வந்து பேசட்டும். நீங்க பூட்டைக் கழட்டுங்க.”

மருத்துவர் எதிர்த்தெருக்காரனின் கையாளோ என்று சந்தேகித்தபடியே கழற்றினார். மூன்று வேளையும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நின்று தின்னும் நாட்கள் குறைந்தன. அடியோடு போய்விடவில்லை, வந்தால் அதையும் மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். அவள் கடைப்பக்கம் வந்தால் தொங்கும் பூட்டுகள் அத்தனையும் திறந்துகொள்ளும். வாடிக்கையாளர்கள் அவள் போகும்வரை பொறுத்திருந்து வாங்கிப்போனார்கள்.

மூடிய அறையில் வாராவாரம் அவ்வளவு நேரம் அவள் என்னதான் பேசுகிறாள் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. தன்னைப் பற்றித்தானோ என்று சந்தேகித்தார்.

அவரைப் பற்றித்தான்.