ஒரே மாதிரி இரண்டு கைப்பிடி

கந்தன் ஏணியில் ஏறி கண்ணீர் அஞ்சலி பேனரின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையைக் கையில் பிடித்தபடி கீழே பார்த்தான். கட்டுவதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை.

"யூனிபார்ம் போட்ட படம் வேணாம் மாமா," என்றான் மயில்வாகனத்தின் மைத்துனன் வேலாயுதம். "சும்மா சட்டை போட்ட படம் ஒண்ணு இருக்குதே, அத்த வெக்கலாம். பைலட்டுன்னும் போட வேணாம். டிவில என்னா சொல்லிக்கினு இருக்கானுங்கன்னு பாத்தீங்க இல்ல."

மயில்வாகனம் பன்னிரண்டு நாளாக வேறு எதைப் பார்த்தார்? மேலே கிளம்பிய ஒரு நிமிடத்தில் விமானம் விழுந்து நூற்றுப் பதினொரு பேர் செத்தார்கள். அதில் துணை விமானி அவர் மகன் சிவபாலன். முதலில் பறவை மோதியது என்றார்கள், பிறகு என்ஜின் என்றார்கள். வீட்டு மின்விசிறியைக் கழற்றத் தெரியாதவனெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து விமானத்தைக் கழற்றி மாட்டினான். முந்தாநாள் ஒரு சேனலில் புதிதாகச் சொன்னார்கள்: சக்கரத்தை உள்ளே இழுக்கும் கைப்பிடி என்று நினைத்து, விமானம் மேலெழும்ப உதவும் இறக்கைத் தகட்டை மடக்கும் கைப்பிடியைத் துணை விமானி இழுத்துவிட்டாராம். அன்றோடு பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் பேச்சு குறைந்துபோனது.

"இருக்கட்டும். நீ கட்டுப்பா," என்றார் கந்தனிடம்.

கூடத்தில் சிவபாலனின் சவப்பெட்டி இருந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். நீலாம்பாள் அதன்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். மகனின் தலை எந்தப் பக்கம் என்றுகூடப் பெற்றவளுக்குத் தெரியவில்லை.

மயில்வாகனம் தறிகளில் சேலைக்கு டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டியை ரிப்பேர் பார்ப்பவர். பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றின் பின்புறம் இரண்டு கைப்பிடிகளை வரைந்து வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். "பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி, பக்கத்துல பக்கத்துல. நம்ம தறியிலயே ரெண்டு கயிறு கிட்ட கிட்ட இருந்தா, ஒண்ணுல செவப்பு நூல் கட்டி வெப்போம், கை மாறக் கூடாதுன்னு. அத்தன கோடி போட்டு பிளேன் செஞ்சவனுக்கு இது தெரியலியே." வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பதினொரு மணிக்கு மாகறலிலிருந்து சீனிவாசன் வந்தார். அவர் மகள் பிரியதர்ஷினியும் அதே விமானத்தில் போனவள். போன வாரம் பேப்பரில் படம் வந்திருந்ததால் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்தது. வேலாயுதம் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். மயில்வாகனம் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அட்டையை எடுத்தார்.

சீனிவாசன் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். செவப்பு நூல் கதையையும் கேட்டார்.

"சரிங்க, செஞ்சவன் தப்புதான்," என்றார். "இழுத்தது யாரு?"

"அதெல்லாம் இன்னும் ரிப்போர்ட்டே வரலைங்க..." என்று வேலாயுதம் ஆரம்பித்தான். மயில்வாகனம் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

சாப்பிட்டுக்கொண்டே பேசி, தண்ணீர்ச் சொம்பு என்று ரசச் சொம்பைத் தூக்குகிற கை சிவபாலனின் கை. சின்ன வயதிலிருந்தே அப்படி. டிவியில் அந்தச் செய்தி வந்த நிமிடமே அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. நீலாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை.

"எம் பையன்தாங்க," என்றார். "ரிப்போர்ட்டு எப்ப வேணா வரட்டும். இழுத்திருப்பான்னுதான் எனக்குத் தோணுது. கை மாறிப் பூட்டிருக்கும்."

கூடத்தில் நீலாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். மகனைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டதுபோல் இருந்தது மயில்வாகனத்துக்கு. அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"எத்தினி வயசு?" என்றார் சீனிவாசன்.

"இருபத்தெட்டு."

சீனிவாசன் எழுந்து போகவில்லை.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் குனிந்தார்கள். பெட்டியின் கனத்துக்கு நான்கு பேரே போதும். சீனிவாசன் எழுந்தார். தோள் கொடுக்க வரவில்லை, கையும் கூப்பவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பெட்டி வாசலைத் தாண்டும்வரை ஓரமாக நின்றார்.