மின்னல் வைத்த அளவு

இன்றைக்கும் சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார். கூப்பிடாமல் இருந்தால் தேவலை. ஆனால், கூப்பிடாமலே போய்விட்டால் அதுவும் வலிக்கும்.

இப்படி நினைத்தபடியே அட்டைப்பெட்டியின் வாயை மடித்து டேப்பை இழுத்து ஒட்டினாள் அவள். பார்சல் கிடங்கில் அவளுக்கு மின்னல் என்று பேர். சீட்டைப் பார்ப்பது, பொருளை வைப்பது, மூடுவது எல்லாவற்றையும் அவள் கைகள் தாமாகவே செய்துவிடும். ஒப்பந்த வேலைக்கு வந்து மூன்று வருஷம். வந்த புதிதில் ஆளுக்கு மணிக்கு அறுபது பெட்டி கட்டினால் போதும். போன வருஷம் சூப்பர்வைசர் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று நம்பி எழுபத்தைந்து கட்டிக் காட்டினாள். சுவரில் அவள் படத்தை மாட்டினார்கள். மறுவாரமே எல்லோருக்கும் எழுபத்தைந்து என்றாகிவிட்டது.

யாரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பக்கத்து மேஜை அக்கா மட்டும், மணிக்கட்டில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஏன்டி மின்னல், கொஞ்சம் தூறலா மாறித் தொலையேன். உன் போட்டோவுக்குக் கீழ என் கையையும் மாட்டச் சொல்லு, ஜோடியா இருக்கும்."

அவளும் சிரித்துவைத்தாள்.

நினைத்தபடியே இன்றைக்கும் சூப்பர்வைசர் வந்தார். "வாம்மா மின்னல். ஒரே ஒரு மணி நேரம். தொண்ணூறு வருமான்னு மேல கேக்குறாங்க."

"போன தடவை நிரந்தரம்னு சொன்னீங்களே, சார்?"

"லிஸ்ட்ல உன் பேருதான் முதல்ல இருக்கு. இதையும் காட்டிட்டா நான் தைரியமா பேசுவேன்ல?"

நிரந்தரமானால், காய்ச்சல் வந்த அன்று சம்பளம் போகாமல் படுத்திருக்கலாம். இருபத்து நான்கு வயதில் அவள் கனவு அவ்வளவுதான். வந்தபோது இன்னும் பெரிதாக இருந்தது. தொண்ணூறு வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் அக்கா, கைக்கு வலுவில்லாமல் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சார்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். உழைச்சா முன்னுக்கு வரலாம்னுதான் வந்தேன். நான் வேகமா கட்டினதுல ஏறினது எல்லாரோட சுமைதான் சார். என் சம்பளம் அப்படியேதான் இருக்கு. உழைப்புக்குப் பலன் இன்னும் கொஞ்சம் வேலைதான்னா, உழைக்கிறவங்க தங்களையும் தேய்ச்சு, பக்கத்துல இருக்கிறவங்களையும் தேய்ச்சுடுவாங்க. இது புரிய எனக்கு மூணு வருஷம் ஆச்சு."

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "பேரு லிஸ்ட்லேருந்து போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் சார்," என்றாள். "ஆனா நான் கட்டிக் காட்ட மாட்டேன்."