சர்வேயருக்காகச் செதுக்கிய மேடு

கடலோரக் குப்பத்து வீடுகளுக்கு முன்னாலிருந்த மணல்மேட்டைப் பற்றி சர்வேயர் எழுதியது மூன்றே சொற்கள்: 'வெற்று மணல். செடியில்லை.' படித்ததும் அந்தக் குப்பத்துப் பெண்ணுக்குச் சுர்ரென்று ஏறியது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் நாற்பது வீடு, பின்னால் உப்பங்கழி. செடியில்லை என்றால் மேட்டை வெட்டிச் சமமாக்கி ஐஸ் கம்பெனி கட்டலாம். அடுத்த புயலுக்குக் கடல் நேராக அடுப்படிக்கு வரும். மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பங்கொடிதான் என்று தாவரவியல் படித்த நாளிலிருந்து தொண்டை வறளச் சொல்லியாயிற்று. வீட்டின் முதல் பட்டதாரி பேச்சு யார் காதில் ஏறுகிறது?

"அவரு வந்தன்னிக்கு மேட்டுல என்னம்மா இருந்துச்சு?"

"நாற்காலி," என்றாள் அம்மா, மீன் செதிலைச் சுரண்டியபடி. "பெரிய மனுசன் வர்றாரேன்னு கொடியெல்லாம் செதுக்கி, கூட்டிப் பெருக்கிப் போட்டோம். சதுரமா ஒரு மரச்சட்டத்த அங்கயே வெச்சு, உள்ள எத்தன செடின்னு எண்ணிட்டுப் போயிட்டாரு."

"புண்ணியவதி!"

சைக்கிளை எடுத்துக்கொண்டு சர்வே ஆபீசுக்குப் பறந்தாள்.

"அறிக்கை நாலு மணிக்குப் போயிடும்மா," என்றார் சர்வேயர்.

"அதுக்குள்ள ஒரு தடவ வந்து பாருங்க சார். நாற்காலி போட்ட எடத்துல எண்ணினா நாற்காலிக் காலுதான் கெடைக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வர்றேன். ஆனா அதே எடத்துலதான் சட்டம் வைப்பேன். விதி அப்படி."

செதுக்கிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது; அதற்குள் கொடி துளிர்த்திருக்குமா? அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு, அவர் ஜீப்பை முந்த உப்பங்கழிக் குறுக்குப் பாதையில் மிதித்தாள். சிவந்து கிடந்த உமரிச் செடிகள் டயரில் நசுங்கின. தாழம்புதர் கையைக் கிழித்தது. மூச்சு வாங்க மேட்டில் ஏறினால், அம்மா மண்வெட்டியோடு நிற்கிறாள். பக்கத்தில் அத்தை, நாற்காலியோடு.

"அம்மா, கைய வெச்ச, அப்புறம் நான் உன் மகளே இல்ல."

"சார் வர்றாருன்னு நீதானடி சொன்ன?"

"உக்கார வர்றாருன்னா சொன்னேன்?"

மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்து மண்டியிட்டாள். செதுக்கிய இடமெங்கும் மணலைப் பிளந்துகொண்டு குட்டிக் குட்டி இலைகள், மாட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்தவை. மேலே செதுக்கினால் என்ன, கொடி அடியில் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

சர்வேயர் வந்தார், அதே இடத்தில் சட்டத்தை வைத்தார், குனிந்து எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார். பதினேழு துளிர். 'செடியில்லை' என்பதைப் பேனாவால் அடித்தார்.

"உக்காருங்க சார்," என்றாள் அத்தை.

"வேண்டாம்மா," என்றார் அவர், துளிர்களுக்கு நடுவே தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்.