மூன்று பேர் முழித்திருந்த ரயில்

எனக்குத் தூக்க வியாதி. சிரிக்க வேண்டாம், டாக்டர் சீட்டெழுதி மாத்திரை கொடுக்கிற வியாதிதான். உட்கார்ந்தால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் கண் சொருகிவிடும். அந்த மாத்திரை போட்டால் மதியம் வரைக்கும் மனுஷி.

வியாதி என்று தெரியாத காலத்தில் எனக்குச் சோம்பேறி என்றுதான் பெயர். அப்போதிலிருந்து என்னை எழுப்புவது வால்டர், மதி, பாரி மூவரும்தான். ராயபுரத்தில் என்னோடு ரயில் ஏறி, திருவொற்றியூரில் தோளைப் பிடித்து உலுக்கி, கல்லூரிக்கு இழுத்துப்போவார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

2004 ஏப்ரல், கணக்கு அரியர். நான்கு பேருக்கும் கடைசி வாய்ப்பு. விட்டால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் வால்டர் வாசலில் வந்து நின்றான்.

"கரோலின், அந்த மாத்திரை உன்னாண்ட கீதா? போட்டா தூக்கமே வராதாமே."

"மூணுதான் கீது. டாக்டர் ஊர்ல இல்ல."

"நாங்களும் மூணு பேருதான்."

"அப்போ நானு?"

"நாங்க முழிச்சிகினு இருக்கசொல்லோ உனுக்கு இன்னா கவலை? எழுப்பி வுட மாட்டோமா?"

யாருக்கும் தரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் தினமும் எழுப்புகிறவனிடம் எந்த மூஞ்சியோடு இல்லையென்பது? எழுதும்போது எனக்குத் தூக்கம் வராது, ரயிலைத் தாண்டிவிட்டால் போதும். கொடுத்துவிட்டேன்.

மறுநாள் எட்டே முக்கால் வண்டி. மூவரும் விடிய விடியத் தூங்காமல் வந்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்கள். தண்டையார்பேட்டை வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"எறங்கு கண்ணு, வண்டி இதோட நின்னுடும்" என்று ஒரு கூடைக்காரம்மா என்னை எழுப்பினாள். வெளியே கும்மிடிப்பூண்டி. மணி பத்து. எதிரே மூவரும் குனிந்த தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் புத்தகத்தைப் பிடுங்கியதும் வால்டர் நிமிர்ந்தான்.

"திருவொத்தியூர் வந்துடுச்சா?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கண்ண தொறந்துகினு இன்னாடா பண்ணிகினு இருந்தீங்க?"

"படிச்சிகினு இருந்தோம்" என்றான் பாரி. பொய்யில்லை.

பத்தரைக்கு மேல் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். திரும்புகிற வண்டியே பத்தரைக்குத்தான். மதி அழுதுகொண்டே ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு காகித மடிப்பை எடுத்தாள். உள்ளே பாதி மாத்திரை.

"நான் பாதிதான் போட்டேன். மீதி உனுக்குன்னு எடுத்தாந்தேன். ரயில் ஏறனதும் குடுக்கலாம்னு இருந்தேன், புக்க தொறந்தனா, மறந்துட்டேன்."

பிளாட்பாரக் குழாய்த் தண்ணீரில் அதை விழுங்கினேன்.

திரும்பும் ரயிலில் நான்கு பேரும் கண் கொட்டாமல் வந்தோம். திருவொற்றியூர் வந்ததும் வால்டர் பழக்கதோஷத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.