கதவு, எழுபது வாக்கியங்கள்

புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததும் டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ‘கதவு: அன்றாட ஆங்கிலத்தில் எழுபது சொற்சேர்க்கைகள்.’ கீழே அண்ணனின் பெயர். பின்னட்டையில் கோட்டும் மீசையுமாக அண்ணனின் படம்.

பதினோரு வருடமாக அண்ணனின் டுடோரியலில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள் அவள். மனப்பாடம் செய்தது மறந்துபோகும், வீட்டில் நடப்பதை வைத்துச் சொன்னால்தான் ஒட்டும் என்பது அவள் கட்சி. ‘ஸ்லாம் தி டோர்’ என்றால் கதவை அறைந்து சாத்துவது. அதற்கு அவள் எழுதிய வாக்கியம், ‘கோபம் வந்தால் என் கணவர் கதவை அறைந்து சாத்துவார்.’ ‘ஆன்சர் தி டோர்’ என்றால் மணி அடித்ததும் போய்த் திறப்பது. ‘நான் குளிக்கும்போது மாமியார் போய்த் திறப்பார்.’ இப்படி எழுபதையும் அடுப்படியில் நின்றபடி எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டை எடுத்து, அண்ணன் என்கிற மகராசன் ஒரு வரிகூடப் படிக்காமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அந்த மீசைக்கு ஒரு கணவரும் இருக்கிறார்!

நேரே அலுவலக அறைக்குப் போய்ப் புத்தகத்தை மேஜைமேல் வீசினாள்.

“என்னண்ணா இது? என் உழைப்புக்கு உன் பேரா?”

“ஏம்மா கத்துற? வெளிய பசங்க இருக்காங்க. குடும்பத்துக்குள்ள உன் பேரு, என் பேருன்னு என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லேன்னா என் பேரையே போட்டிருக்கலாமே!”

“ஆம்பளை பேரு இருந்தாதான் நாலு பேரு வாங்குவாங்க.” அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “ஆமா, உள்ள கணவர்னு ஏதோ வருதாமே, அச்சகத்துல சிரிக்கிறாங்க. அடுத்த பதிப்புக்கு அதையெல்லாம் மனைவின்னு மாத்திக் குடுத்துடு. என் கண்ணுல்ல?”

அடப்பாவி! திருடியது போதாதென்று, அதைத் துடைத்துப் பளபளப்பாக்கியும் தர வேண்டுமாம்.

“எழுதினது நீதானே? வா, நீயே பாடம் நடத்து” என்று கையைப் பிடித்து வகுப்புக்கு இழுத்துப் போனாள். நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். வேறு வழியில்லாமல் அண்ணன் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டார்.

“கடைசிப் பக்கம் படி.”

“‘முகத்துக்கு நேரே கதவைச் சாத்துதல்’,” அண்ணன் கணீரென்று ஆரம்பித்தார். “‘எனக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா சம்மதித்தார். ஆனால் என் அண்ணன்…’”

குரல் நின்றது.

“படி” என்றாள்.

“‘…என் அண்ணன், பொம்பளைக்கு எதற்குப் படிப்பு என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார்.’”

முன்வரிசைப் பெண் ஒன்றும் புரியாமல் கேட்டாள். “பொம்பளைக்கா? சார், உங்களுக்கு அண்ணன் இருக்காரா?”

அண்ணன் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“சாருக்கு இல்லம்மா. எனக்கு இருக்கார்” என்றாள் டீச்சர். “இதை எழுதினதும் நான்தான்.”